ஏழாம் லைனில் மாவு பொங்கிய கதை

கரிக்கல் எஸ்டேட்டில் மாவு பொங்காது. அது அந்த மலையின் குணம். கீழே சமவெளியில் சாயங்காலம் கரைத்து வைத்தால் விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கிற அதே அரிசியும் அதே உளுந்தும், மேலே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற ஏழாம் லைனுக்கு வந்ததும் சவம் மாதிரிக் குளிர்ந்து கிடக்கும். சட்டியைக் கம்பளியில் சுற்றிப் பார்ப்பார்கள், அடுப்புச் சாம்பலில் புதைத்துப் பார்ப்பார்கள், அரிசி மூட்டைக்குள் இறக்கிப் பார்ப்பார்கள், ஒருத்தி தன் புருஷனுடைய ஸ்வெட்டரைக் கழற்றிச் சட்டிக்கு மாட்டி, கையிரண்டையும் அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டு, அந்த மனுஷனை வெறும் சட்டையோடு பனியில் வேலைக்கு அனுப்பியும் பார்த்தாள். ஒன்றும் நடக்காது. காலையில் ஊற்றி எடுத்தால் இட்லி என்ற பெயரில் கூழாங்கல் வரும். அதைச் சாம்பாரில் முக்கி முக்கித் தின்று, தலைமுறை தலைமுறையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்த சனம் அது.

இப்படிப்பட்ட ஊரில்தான் அமலோற்பவத்தின் இடது கால் எரியத் தொடங்கியது.

அமலோற்பவம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். பறித்ததை மூட்டை கட்டித் தலையில் ஏற்றி, சறுக்கும் பாதையில் எடை போடும் இடம்வரை சுமக்கிறவள். ஒரு மழைநாள் மூட்டையோடு உட்கார்ந்தாள், அப்புறம் எழுந்திருக்கவில்லை. முதுகுத்தண்டில் வட்டு நழுவி நரம்பை நசுக்குகிறது என்று கோயம்புத்தூரில் சொன்னார்கள். அறுத்தார்கள், நழுவியதை வெட்டி எடுத்தார்கள், தைத்தார்கள். ஆபரேஷன் சக்சஸ் என்று டாக்டர் அவள் புருஷன் இன்னாசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதுகுவலி போனது, அதில் பொய்யில்லை. ஆனால் மயக்கம் தெளிந்ததிலிருந்து இடது பாதம் எரிந்தது. "நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கும்மா. மெதுவாத்தான் ஆறும், ஆறாமலும் போகலாம். மாத்திரை தர்றேன். அதுக்கும் கேக்கலைன்னா வாங்க, முதுகுல ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம், குறையலாம்" என்றார் டாக்டர்.

எரிச்சல் என்றால் மிளகாய் பட்ட எரிச்சல் இல்லை. காய்ந்த தோசைக்கல்லில் பாதத்தை வைத்து மேலே யாரோ ஏறி நிற்கிற எரிச்சல். போர்வை படக்கூடாது, பாவாடை விளிம்பு உரசக்கூடாது, கதவைத் திறந்தால் வருகிற காற்று பட்டால்கூடப் பல்லிடுக்கில் மூச்சை இழுப்பாள். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்தக் காலைத் தொட்டால் சில்லென்றிருக்கும். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ஐஸாட்டம் கெடக்கு, எரியுதுங்கிற? நடிக்கிறியா?" என்று கேட்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர், மனசை வேறு பக்கம் திருப்பினால் சரியாகிவிடும் என்றார். இன்னாசியும் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தான். அறுத்துத் தைத்தாயிற்று, இன்னும் என்ன என்பது அவன் எண்ணம். ஊரில் ஒரு சீவன் நம்பவில்லை. கடைசியில் நம்பியது மாவுதான்.

ஒருநாள் அடுப்படியில் கூரை ஒழுகியது. மாவுச்சட்டியை வைக்க இடமில்லாமல், இன்னாசி அதைத் தூக்கி வந்து அவள் கட்டிலின் மேலேயே, கால்மாட்டில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். காலையில் மூடி தரையில் கிடந்தது. மாவு சட்டியை விட்டு வழிந்து, விரிப்பை நனைத்து, கட்டில் காலில் இறங்கி, அவள் செருப்புக்குள் போய் நின்று குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஏழாம் லைனில் முதல் தடவையாக இட்லி என்ற ஒன்று வெந்தது. வெள்ளையாக, உப்பலாக, தொட்டால் அமுங்கி எழுகிற இட்லி. பேச்சியக்கா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு அழுதேவிட்டாள்.

மறுநாள் பேச்சியக்கா சட்டியோடு வந்தாள். அதற்கு மறுநாள் ஏழாம் லைனே வந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, மெழுகுவத்தி ஏற்றவில்லை, இது எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மழை பெய்தால் குடத்தை வெளியே வைக்கிற மாதிரி, அமலோற்பவத்தின் கால் எரிந்தது, சட்டியைப் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். சாயங்காலமானால் மூடிமேல் பெயர் வெட்டிய பாத்திரங்கள் வரிசையாக வரும். பெருவிரல் பக்கம் வைத்தால் பூ மாதிரி வருகிறது, குதிகால் பக்கம் கொஞ்சம் கெட்டிதான் என்று கண்டுபிடித்தார்கள். பெருவிரல் பக்கத்துக்குச் சண்டை வந்தது. குழாயடியில் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு முறை வைத்தார்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். மாதா கோயில் பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், இதையெல்லாம் அற்புதம் என்று சொல்லித் திரியக்கூடாது, பாவம் என்று கண்டித்தார். அன்று சாயங்காலமே அவருடைய சமையல்காரர் ஒரு தூக்குவாளியோடு வந்து, "சாமி குடுத்தனுப்புனாரு, கொஞ்சம் விரல் பக்கமா வைங்க" என்றார். மேனேஜர் பங்களாவிலிருந்து ஜீப்பில் பாத்திரம் வந்தது. இன்னாசி தேயிலை ஃபேக்டரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆள். அவனை இப்போது மேனேஜரே தோளில் தட்டி, "என்ன இன்னாசி, இன்னைக்கு எப்படிப் பொங்கிச்சு?" என்று விசாரித்தார். அவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தான்.

அமலோற்பவத்துக்கு மட்டும் குமட்டியது.

அவள் சுத்தக்காரி. அடுத்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிப்பாள், கழுவின தட்டை மறுபடி கழுவித்தான் சோறு போடுவாள். அப்படிப்பட்டவளின் கால் இப்போது எப்படி இருந்தது தெரியுமா? நகம் வெட்ட முடியாது, நகவெட்டி பட்டாலே உயிர் போகும், அதனால் நகமெல்லாம் மஞ்சளாக நீண்டு வளைந்து கிடந்தது. தேய்த்துக் கழுவ முடியாது, அதனால் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்தது. எந்நேரமும் வேர்த்தது. அந்தக் காலைச் சுற்றி, சீ, ஊர் முழுக்கத் தின்னப்போகிற மாவு! மூடியைத் திறந்து வைத்தால் சீக்கிரம் பொங்குகிறது என்று சில புத்திசாலிகள் திறந்தே வைத்தார்கள். விரலை உள்ளே விட்டு வழித்து நக்கி, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்று அவள் நகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று சப்புக் கொட்டினார்கள். சிந்தியதைத் துடைக்க மாட்டார்கள். அது கட்டில் சட்டத்தில் காய்ந்து கறுத்தது, மேலே கொசு கூட்டமாகப் பறந்தது. அவள் தலைமுடியில், தலையணையில், பிரார்த்தனை பண்ணக் கூப்பிய கையில்கூடப் புளித்த வாடை. இட்லி அவளுக்கும் வரும், தட்டு நிறைய வரும். பார்த்தாலே ஓங்கரிப்பாள். கஞ்சி மட்டும் குடித்தாள்.

"என் காலைப் பாத்துமா திங்கிறீங்க?" என்று ஒருநாள் பேச்சியக்காவிடம் கேட்டாள்.

"காலை யாரு பாக்குறா? மாவைத்தான் பாக்குறோம்" என்றாள் பேச்சியக்கா. அது சத்தியமான வார்த்தை. அவள் காலை ஒருத்தரும் பார்க்கவில்லை.

இது இதோடு நின்றிருந்தால் எப்படியோ சகித்திருப்பாள். ஒரு நாள் இன்னாசியின் தங்கை பிலோமினா சட்டியை இறக்கும்போது விளிம்பு அண்ணியின் கால் சுண்டுவிரலில் இடித்துவிட்டது. அமலோற்பவம் போட்ட சத்தத்தில் லைன் முழுக்க ஓடிவந்தது. ஓடிவந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மாவைப் பார்த்தார்கள். வைத்த நிமிஷத்திலேயே அத்தனை சட்டியும் புசுபுசுவென்று எழும்பி மூடியைத் தள்ளியது. அன்றைய இட்லியைப் பற்றி அடுத்த எஸ்டேட்வரை பேசினார்கள்.

அதற்குப் பிறகு, கை தவறுவது அதிகமாகிவிட்டது. ஐயோ, தெரியாமப் பட்டுருச்சு என்பார்கள். போர்வையை உதறும்போது முனை பட்டுவிடும். தரையைத் துடைக்கிறவள் ஈரத்துணியைத் தெரியாமல் பாதத்தில் போட்டுவிடுவாள். கதவைப் படாரென்று திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டுவிட்டு, "அடடா, தாழ்ப்பாள் சரியில்ல போல" என்பார்கள். நல்ல சனம்தான், செத்தால் கூடி அழுகிற சனம்தான், அவள் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த ஆள்கூட அதில் உண்டு. ஒருத்தர்கூட அடிக்கவில்லை, திட்டவில்லை. தெரியாமல்தான் எல்லாம் நடந்தது. த்தூ!

"என்னங்க, கோயமுத்தூர் போவோம். அந்த ஊசியைப் போட்டுப் பாப்போம். என்னால முடியல" என்று இன்னாசியிடம் கெஞ்சினாள்.

"போலாம் அமலு, இல்லைன்னா சொல்றேன்? மாதா கோயில் திருவிழா வருது. முடியட்டும்."

"ஈஸ்டர் முடியட்டும்னீங்க. மேனேஜர் மகள் கல்யாணம் முடியட்டும்னீங்க."

"இந்த ஒரு தடவைதான். திருவிழா அன்னைக்குக் காலையில மூணு எஸ்டேட்டுக்கும் நம்ம லைன்ல இருந்துதான் இட்லின்னு வாக்குக் குடுத்துட்டேன் புள்ள. என் மானம் இருக்கு இதுல."

உன் மானம் என் காலிலா இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. ஊசி போட்டால் எரிச்சல் நிற்கும் என்று டாக்டர் சத்தியம் பண்ணவில்லை, குறையலாம் என்றுதான் சொல்லியிருந்தார். அந்தக் 'குறையலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளினாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் வந்தது. மாதா கோயில் அண்டா சின்னது என்று மாரியம்மன் கோயிலின் பெரிய அண்டாவை இரவல் வாங்கி, கழுத்துவரை மாவு கரைத்து, நாலு ஆள் சுமந்து கொண்டுவந்து கட்டிலை ஒட்டி அவள் காலுக்கு நேராக வைத்தார்கள். அமலோற்பவம் மத்தியானம் மாத்திரைக்கு மறுபடி கையை நீட்டினாள். தலைமாட்டில் டப்பா இல்லை. அந்த மாத்திரை எரிச்சலை அணைக்காது, கொஞ்சம் தணிக்கும், மனுஷி மூச்சுவிடலாம், அவ்வளவுதான். அதுவும் இல்லையென்றால் நெருப்புதான். காலையிலும் அதைக் காணாமல் தேடியிருந்தாள், வலியில் எங்கே வைத்தோமோ என்று தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, மாத்திரை டப்பாவைப் பாத்தீங்களா?"

இன்னாசி சுவரைப் பார்த்தான். பேச்சியக்கா தன் முந்தானையைப் பார்த்தாள். பிலோமினா அண்டாவின் மூடியைச் சரிசெய்தாள்.

"ஒரு நாளைக்கு மட்டும் வேண்டாமே அமலு. இவ்வளவு மாவு... மாத்திரை போட்டா சரியா எழும்ப மாட்டேங்குது. நாளைக்குக் காலையில நானே எடுத்துத் தர்றேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ராப்பகலாக நெற்றியில் துணி போட்ட ஆள் இவன்தான். இப்போது அவன் கண் நிமிஷத்துக்கொரு தரம் அண்டாவுக்குப் போய் வந்தது. இந்தக் கட்டில், இந்த வாடை, இந்த நக்கிய விரல்கள், இந்த மனுஷன், எல்லாமே அவளுக்கு ஒன்றாக அருவருத்தது.

எல்லாரும் சப்பரம் சோடிக்கப் போன சாயங்கால நேரம், அவள் கையை ஊன்றி எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மூடியைத் தள்ளினாள். இடது காலைத் தூக்கி, அந்த நகத்தோடும் பொருக்கோடும் வேர்வையோடும், அண்டாவுக்குள் விட்டாள். கணுக்கால் முங்கும்வரை விட்டாள்.

கத்திவிட்டாள். மாவு அவள் காலைச் சுற்றிக் கொதிக்கிற பால் மாதிரி எழும்பியது. வலியில் கண் இருட்டியது, ஆனாலும் காலை எடுக்கவில்லை. இனி இதை யார் தின்பார்கள்? கொட்டித்தான் ஆகவேண்டும். திருவிழா கெடும், இன்னாசியின் வாக்குக் கெடும், ஊரே காறித்துப்பும், துப்பட்டும். துப்பிவிட்டு என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பட்டும். இதுதான் அவள் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆள் வரட்டும், பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டு முதலில் பேச்சியக்கா வந்தாள். வாசலில் நின்றாள். அண்டாவைப் பார்த்தாள், அதற்குள் இறங்கியிருந்த காலைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் பாக்கலப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனாள்.

பிறகு இன்னாசி வந்தான்.

"பாத்தீங்கல்ல?" என்றாள் அமலோற்பவம். "நல்லாப் பாத்துக்கங்க. கொட்டுங்க இதை."

இன்னாசி கோபப்படவில்லை. அண்டா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அவள் துடித்த துடிப்பில் கட்டில் நகர்ந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பாதத்தில் ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்தான். உள்ளங்காலில் வழித்தான், விரல் சந்து சந்தாக வழித்தான், நகத்தடியில் இருந்ததையும் சுரண்டி எடுத்தான். வழித்ததையெல்லாம் அண்டாவிலேயே உதறினான். பிறகு மூடியை எடுத்து மூடினான்.

"யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான்.

தெரியாமல் இருக்குமா? பேச்சியக்கா பிலோமினாவிடம் சொன்னாள், பிலோமினா குழாயடியில் சொன்னாள், விடிவதற்குள் மூன்று எஸ்டேட்டுக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த அத்தனை பேரும் குளித்து, புதுத்துணி உடுத்தி, பூசை பார்த்து, கோயில் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலையில் இட்லி விழுந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் ஒரு வாய் வைத்தார்கள். அப்புறம் இன்னொரு வாய். "வேகவச்சுட்டா எல்லாம் சுத்தந்தானே" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். ஆமாமா என்று பந்தி முழுக்கத் தலையாட்டியது. மறுபடி கேட்டு வாங்கித் தின்றார்கள். சட்னி தீர்ந்துபோய்ச் சர்க்கரை தொட்டுத் தின்றார்கள். பந்தி பந்தியாக உட்கார்ந்து தின்று முடித்தபோது, அண்டாவின் அடியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் லைன்வரை கேட்டது.

பேச்சியக்கா ஒரு தட்டில் இட்லியை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். "நீயே தின்னு பாரு அமலு. எம்புட்டு மெத்துனு இருக்கு. உன் கையால... சரி, உன்னாலதானே வந்துச்சு."

அமலோற்பவம் அந்தத் தட்டின் மேலேயே வாந்தியெடுத்தாள். குடலில் ஒன்றுமில்லாத வாந்தி, மஞ்சளாகக் கசந்து வந்தது. பேச்சியக்கா, "அடச்சீ! சாப்பாட்டு மேலயா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டைத் தூக்கித் தூரப் பிடித்தபடி வெளியே போனாள்.

அவள் போனதும் அமலோற்பவம் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஊன்றுகோலை எடுத்தாள், சால்வையைப் போர்த்தினாள், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த எக்ஸ்ரே கவரை அக்குளில் இடுக்கினாள். மைதானத்தில் பாட்டுச் செட் அலறிக்கொண்டிருந்தது. காலை ஒவ்வொரு தரம் ஊன்றும்போதும் எரிந்தது, எரிந்தது, எரிந்தது. ஃபேக்டரி முக்குவரை நடந்தாள். நின்றிருந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏறினாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கால் முன்சீட்டில் போய் மோதியது, சால்வையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். இறங்க இறங்கக் காது அடைத்தது, திறந்தது, ஜன்னலில் வெக்கை வந்தது. சால்வையை எடுத்து மடியில் போட்டாள்.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் வண்டிக்காக ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். உச்சி வெயில். அனலடித்தது. எதிரில் டிபன் கடை வாசலில் ஒரு பெரிய பாத்திரத்தில் மாவு தன்பாட்டில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் காலையும் பார்க்கவில்லை. செருப்புக்குள் அது சும்மா எரிந்துகொண்டிருந்தது, ஒருத்தருக்கும் உபயோகமில்லாமல்.

பஸ் ஸ்டாண்டைக் கூட்டிக்கொண்டு வந்த பெண் ஒருத்தி, பெஞ்சருகே வந்ததும் நின்றாள். அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தாள், நீட்டி வைத்திருந்த காலைப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க்கா? காலு நோவுதுங்களா?"

அமலோற்பவம் சட்டென்று அவள் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையில் ஒன்றுமில்லை. எட்டி, அவளுக்குப் பின்னாலும் பார்த்தாள். சட்டி ஏதும் இல்லை, தூக்குவாளி ஏதும் இல்லை. அந்தப் பெண் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் அமலோற்பவம். "நோவுது."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. அத்தனை சனம் போய்வருகிற இடத்தில், சால்வையால் முகத்தை மூடக்கூடத் தோன்றாமல், "நோவுதும்மா, ரொம்ப நோவுது" என்று வாய்விட்டு அழுதாள்.